கோரை இருக்கையா, கட்டை இருக்கையா? இங்கிலாந்து மர நாற்காலி வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு வாசகியிடமிருந்து வந்த கடிதம்தான் இதற்குக் காரணம். லெஸ்டர் பக்கம் சொந்த வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார்கள். ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை வந்து இறங்கிவிட்டது. பெட்டியில் வந்து நாமே திருகாணி முடுக்கிக்கொள்ளும் நாற்காலிகளோடு பட்டபாடு போதும், இந்த ஊர்த் தச்சர்கள் பழைய முறையில் செய்ததாகவே இருக்கட்டும் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். எது என்பதில்தான் தகராறு. கணவருக்குக் கோரை பின்னிய ஏணி முதுகு நாற்காலி, அதாவது முதுகில் ஏணிப்படி போலக் குறுக்குப் பட்டைகள் உள்ளது, பிடித்திருக்கிறது. வாசகிக்கு வின்ட்ஸர், அதாவது கட்டைப் பலகை இருக்கையும் குச்சி முதுகும் கொண்டது. மாமியாருக்கு ஒரே நிபந்தனை: காலை மடக்கி உட்கார முடிய வேண்டும்.

மூவரில் மாமியார்தான் சரியான கேள்வி கேட்டிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

மேசை போட்ட இடத்தில் கிடக்கும். நாற்காலி அப்படி இல்லை. தினமும் இழுக்கிறோம், தள்ளுகிறோம், சாப்பிட்டு முடித்ததும் பின்னங்கால் இரண்டில் நிறுத்திச் சாய்கிறோம். அத்தனை பாரமும் போய் முட்டுவது கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில். அதனால் நான் முதலில் பார்ப்பது மூட்டு. அது எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆட்டம் கண்டால் திரும்ப இறுக்க முடியுமா என்பது.

அடுத்தது, பழுதுபார்க்க யார் கிடைப்பார்கள். மூன்றாவது உங்கள் வீடு: அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் எங்கே இருக்கிறது, சாம்பார் சிந்தும் வயதில் பிள்ளைகள் உண்டா, பூனை உண்டா. நான்காவது உட்காருகிறவர் உடம்பு. ஐந்தாவது பணம், அதோடு சேர்த்துக் காத்திருக்கும் காலம். விலைச்சீட்டில் இருப்பது பாதிதான். மீதிச் செலவைக் கீழே ஒவ்வொன்றிலும் சொல்கிறேன்.

அழகை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதில் நீங்கள் ஏற்கெனவே முடிவெடுத்திருப்பீர்கள்.

## கோரை பின்னிய ஏணி முதுகு நாற்காலி

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். இங்கே பொருளோடு சேர்த்து ஒரு பரம்பரையையும் வாங்குகிறோம்.

ஹெரிஃபோர்ட்ஷயரில் பாஸ்பரி என்ற ஊர்ப் பக்கம் பிலிப் கிளிசெட் என்றொரு நாற்காலிக்காரர் இருந்தார். 1817-இல் பிறந்தவர், 1913 வரை வாழ்ந்தவர். காலால் மிதித்து ஓட்டும் கடைசலில் ஆஷ் மரத்தைக் கடைந்து நாற்காலி செய்தார். மேலே வளையும் கம்பு ஒன்று, கீழே மிதிகட்டை, இரண்டுக்கும் நடுவே கயிறு. கடைசல் என்பது அவ்வளவுதான். 1880களில் ஜேம்ஸ் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் கண்ணில் பட்ட பிறகு, லண்டனில் கைவினைக் கலைஞர்கள் சேர்ந்து நடத்திய ஆர்ட் வொர்க்கர்ஸ் கில்டு தன் கூடத்துக்கு இவர் நாற்காலிகளையே வாங்கிப் போட்டது. இன்றும் குவீன் ஸ்கொயர் 6-ஆம் எண் வீட்டில் அவை இருக்கின்றன. அங்கே கூட்டங்களும் சொற்பொழிவுகளும் நடக்கும். வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் போய் ஒரு சொற்பொழிவு முழுக்க அதில் உட்கார்ந்து பாருங்கள். கடையில் இரண்டு நிமிடம் உட்காருவதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

1890 வாக்கில் எர்னஸ்ட் கிம்சன் என்ற இளைஞர் கிளிசெட்டிடம் போய்ச் சில வாரம் தங்கித் தொழில் கற்றார். அவர் லெஸ்டரில் பிறந்தவர், கட்டடக் கலை படித்தவர். (கடிதம் எழுதிய வாசகி கவனிக்க: உங்கள் ஊர்க்காரர்.) கிம்சன் வரைந்த வடிவங்களை எட்வர்ட் கார்டினர் என்பவர் செய்ய ஆரம்பித்தார். கார்டினரின் தந்தை க்ளஸ்டர்ஷயரில் மர அறுவை ஆலை வைத்திருந்தவர். கார்டினர் பிறகு வாரிக்ஷயருக்குக் குடிபெயர்ந்தார். அவரிடம் 1939-இல் பையனாகச் சேர்ந்தவர் நெவில் நீல். 1958-இல் கார்டினர் இறந்ததும் தொழில் நெவில் கைக்கு வந்தது. அவர் மகன் லாரன்ஸ் 1966-இல் அப்பாவோடு பட்டறையில் உட்கார்ந்தார். சௌதம் பக்கத்தில் ஸ்டாக்டன் என்ற கிராமத்தில் அப்பாவும், அப்பாவுக்குப் பிறகு மகனுமாகப் பல பத்தாண்டு அதே வடிவங்களைச் செய்தார்கள். கடைசியில் லாரன்ஸிடம் ரிச்சர்ட் பிளாட், சாம் கூப்பர் என்ற இருவர் வந்து கற்றுக்கொண்டு, ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தில் மார்ச்மான்ட் என்ற இடத்தில் பட்டறை போட்டார்கள்.

இந்தச் சங்கிலியில் அப்பன் மகன் என்று ரத்த உறவு இருப்பது ஒரே ஒரு கண்ணியில்தான். மற்றவர்கள் எல்லாம் தேடிப் போய்க் கற்றவர்கள். ஆனாலும் குடும்பத் தொழில் என்றால் இதைத்தான் சொல்வேன். நாற்காலியைப் பார்த்தாலே இன்னார் கை என்று தெரியும்.

இனி மூட்டு. இந்த வகையில் பின்னங்கால்தான் அப்படியே மேலே நீண்டு முதுகுச் சட்டமாகிறது. கொதிநீரிலோ ஆவியிலோ பதப்படுத்தி அதை மெல்ல வளைத்திருப்பார்கள். காலில் துளை, அதில் குறுக்குக் கம்பின் முனை இறுக்கமாக இறங்கும். சூட்சுமம் ஈரத்தில் இருக்கிறது. கம்பு நன்றாகக் காய்ந்திருக்கும். காலில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். கால் காயக் காயச் சுருங்கிக் கம்பைக் கவ்விக்கொள்ளும். திருகாணிக்கு வேலையே இல்லை. இதை ஒருமுறை புரிந்துகொண்டால், தொழிற்சாலை நாற்காலியின் அடியைத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுளிக்கத் தோன்றும்.

இருக்கைக்குக் கோரை. நம் பாய்க்கோரையின் தூரத்து உறவு, ஆற்றில் ஆளுயரத்துக்கு மேல் வளர்வது. கோடையில் அறுத்துக் காயவைத்து, பின்னும் நாளில் நனைத்து, இரண்டு மூன்று தாளைச் சேர்த்து முறுக்கி முறுக்கிச் சட்டத்தில் சுற்றுகிறார்கள். நான்கு மூலையிலும் தொடங்கும் பின்னல் நடுவில் வந்து சேரும்போது நான்கு முக்கோணமாகத் தெரியும். மேலே தெரியும் பக்கம்தான் அழகான முறுக்கு. நடுவே இரண்டு அடுக்குக்கும் இடையில் துண்டுக் கோரையைக் குச்சியால் குத்திக் குத்தி அடைத்திருப்பார்கள். அடைப்பு நன்றாக இருந்தால் தட்டினால் கெட்டியான சத்தம் வரும். புதிதில் பச்சை கலந்த நிறம், வைக்கோல் வாசனை. போகப் போகத் தேன் நிறம். உட்காரும்போது மெல்லிய நெரிசல் சத்தம் வரும். சிலருக்கு அதுவே பிடிக்கும். என் அக்காவுக்கு அது பல்லைக் கூசவைக்கிறது.

மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். கோரைக்கு எதிரி வறட்சி. மத்திய வெப்பம் ஓடும் வீட்டில் ரேடியேட்டரை ஒட்டிப் போட்டால் தாள் மொடமொடவென்று ஆகி, முன் விளிம்பில் ஒவ்வொன்றாக அறும். நான் அந்தத் தப்பைச் செய்தேன். இரண்டு குளிர்காலம், மூன்றாவதில் முன் விளிம்பு பிய்ந்துவிட்டது. திரும்பப் பின்னுவது நாள் முழுக்கப் பிடிக்கும் வேலை, கூலியும் அப்படியே. பின்னுகிறவருக்கு வரிசையில் நிற்க வேண்டும். அவ்வப்போது ஈரத்துணியால் அடிப்பக்கம் ஒற்றி எடுத்தால் கோரை இளகியிருக்கும். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். பல்பு மாற்ற அதன்மேல் ஏறி நிற்பது, முழங்கால் ஊன்றுவது, இதெல்லாம் அறவே கூடாது. மஞ்சள் கறை போகாது.

இன்னொரு கவலையும் உண்டு. ஆஷ் மரங்களைக் கருக்கும் பூஞ்சை நோய் பிரிட்டனில் 2012-இல் உறுதிசெய்யப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது. நாற்காலிக்காரர்களுக்கு ஆஷ்தான் சோறு.

யாருக்கு இது சரி? வீடு மாறும் எண்ணம் இல்லாதவர்கள், பிள்ளைகள் ஓரளவு வளர்ந்தவர்கள், மாதக்கணக்கில், ஏன் அதற்கு மேலும், காத்திருக்கத் தயாரானவர்கள். எடை குறைவு என்பதால் வயதானவர்கள்கூட ஒரு கையால் தூக்கி நகர்த்தலாம். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை, தினமும் உணர்வது இதைத்தான்.

## கையால் செய்த வின்ட்ஸர்

வின்ட்ஸரில் எல்லாவற்றுக்கும் நடுநாயகம் இருக்கைப் பலகை. கால்கள் கீழிருந்து அதில் குத்தி நிற்கும், முதுகுக் குச்சிகள் மேலிருந்து குத்தி நிற்கும். காலுக்கும் முதுகுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. அதனால் பலகை கெட்டியாக இருந்தால் நாற்காலி கெட்டி. அந்தக் காலத்தில் பலகைக்கு எல்ம் மரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதன் ரேகை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், விளிம்பையொட்டித் துளை போட்டாலும் எளிதில் பிளக்காது. 1970களில் வந்த நோய் இங்கிலாந்தின் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. இப்போது எல்ம் பலகை கிடைக்காமல் இல்லை, ஆனால் கேட்டதும் கிடைக்காது. ஆஷ், ஓக் என்று வேறு மரத்திலும் செய்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும்போது பலகை என்ன மரம் என்று கேளுங்கள்.

பக்கிங்ஹாம்ஷயரில் ஹை விக்கம் நகரம் இதற்குப் பெயர்போனது. சுற்றியுள்ள சில்ட்டர்ன் குன்றுகளின் பீச் காடுகளில் 'பாட்ஜர்' எனப்பட்டவர்கள் குடிசை போட்டு, பச்சை மரத்தில் கால்களையும் குறுக்குக் கம்புகளையும் மட்டும் கடைந்து, 144 எண்ணிக்கை கொண்ட குரோசு கணக்கில் நகரத்துப் பட்டறைகளுக்கு விற்றார்கள். கால் ஒருவர், பலகை ஒருவர், வளைவு ஒருவர், கோப்பது ஒருவர். 1870களில் ஊரில் நாளொன்றுக்கு 4,700 நாற்காலி செய்ததாகக் கணக்கு. அந்த ஊர்க் கால்பந்து அணிக்கு இன்றும் 'சேர்பாய்ஸ்' என்றுதான் செல்லப்பெயர்.

இன்று தனியாக ஒருவரே முழுதும் செய்யும் வின்ட்ஸர்க்காரர்கள் நாட்டில் அங்கங்கே இருக்கிறார்கள். விலை கோரை நாற்காலியைவிடக் குறைவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு நாற்காலிக்கே பல நூறு பவுண்டு, வளைந்த கைப்பிடி வைத்தால் இன்னும் மேலே. பராமரிப்புச் செலவு அநேகமாக இல்லை. மெழுகு, துணி, அவ்வளவுதான். ரசம் கொட்டினால் துடைத்துவிடலாம். குறை என்றால் எடை, அப்புறம் கடினம். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் சிலர் மெத்தை தேடுவார்கள். மெத்தை போட்டால் தொடைக்காகக் குழித்த பலகையின் பயனே போய்விடும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு, கையில் பணமும் இருந்தால், இதைத்தான் சொல்வேன்.

## எர்கால், அதன் பழைய சரக்கு

லூசியன் எர்கோலானி 1920-இல் ஹை விக்கத்தில் தொடங்கிய நிறுவனம். போர்க்காலத்தில், 1944-இல், அரசு வாணிபத் துறை இவர்களிடம் 1,00,000 சமையலறை நாற்காலி கேட்டது. ஒரு நாற்காலிக்கு விலை பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். எல்ம் பலகை, பீச் கால், வளைந்த முதுகு; கைத்தொழிலில் இருந்த வின்ட்ஸரை இயந்திரத்துக்குப் பழக்கியது அந்த ஆர்டர்தான். நாம் பழைய மரச்சாமான் கடைகளில் பார்க்கும் 1950கள், 60களின் எர்கால் நாற்காலி எல்லாம் அதன் வாரிசு.

கைவினை ஆட்கள் சிலர் இதைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் திருப்ப மாட்டேன். மூட்டைப் பாருங்கள்: கால் பலகையைத் துளைத்து மேலே வந்து, அதன் தலையில் ஆப்பு அறைந்திருப்பார்கள். உட்காரும் இடத்தில் அந்த வட்டமும் நடுவே ஆப்பின் கோடும் தெரியும். இயந்திரம் செய்ததானாலும் மூட்டு நேர்மையான மூட்டு. பலகையின் குழிவு மிதமானது, விளிம்பு உறுத்தாது.

புதிதாகவும் விற்கிறார்கள். ஆனால் ஆறு நாற்காலி வேண்டும், இந்த மாதமே வேண்டும், பட்ஜெட்டும் இறுக்கம் என்றால் பழையதுதான் வழி. மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது, ஒரே மாதிரி ஆறு சேர்ப்பது கடினம். நான்கு கிடைக்கும், மீதி இரண்டுக்கு அலைய வேண்டும், அதற்குள் விலை ஏறிவிட்டதாகத் தோன்றும். இரண்டாவது, முன்பு வைத்திருந்தவர் செய்த 'ரிப்பேர்'. நான் இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய நான்கில் ஒன்றின் காலை எப்பாக்ஸி ஊற்றி ஒட்டியிருந்தார்கள். படத்தில் தெரியவில்லை. தச்சர் பார்த்துவிட்டுச் சொன்னார்: பழைய விலங்குப் பசை என்றால் சூடும் ஈரமும் காட்டிக் கழற்றிவிடலாம், இதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த ஒரு காலுக்கு ஆன செலவு நாற்காலி விலையைத் தாண்டியது.

## ஏலத்தில் எடுக்கும் பழைய நாற்காலி

ஊர் ஏலக்கூடங்களில் விக்டோரியா காலத்துச் சமையலறை வின்ட்ஸர்கள் ஒற்றை ஒற்றையாக வரும். பொருந்தாத ஆறு நாற்காலியை ஒரே மேசையைச் சுற்றிப் போடுவது எனக்குப் பிடிக்கும், உங்கள் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா தெரியாது. ஏலம் கூறிய விலை இறுதி விலை இல்லை; அதன்மேல் ஏலக்கூடத்தின் பங்கு கால்வாசி வரைகூட வரும், அந்தப் பங்குக்கு வரியும் உண்டு. வண்டி வாடகை தனி.

தலைகீழாகத் திருப்பிப் பார்க்காமல் கையைத் தூக்காதீர்கள். சிறு துளைகளைச் சுற்றிப் புதுமாவு உதிர்ந்திருந்தால் மரம் இப்போதும் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதை வீட்டுக்குள் விடக்கூடாது. பழைய துளை, மாவு இல்லை என்றால் பயமில்லை. கால்களின் அடியை யாராவது அறுத்திருந்தால் உயரம் குறைந்திருக்கும், மேசைக்கு ஒவ்வாது.

## நாமே செய்வது

பச்சை மரத்தில் நாற்காலி செய்யப் பயிற்சி வகுப்புகள் இங்கே நடக்கின்றன. சில நாளில் ஒரு நாற்காலியோடு வீடு திரும்பலாம். மலிவாக ஆறு நாற்காலி தேற்றும் வழி என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். கட்டணம், தங்கும் செலவு, விடுப்பு எல்லாம் சேர்த்தால் தச்சரிடம் வாங்குவதே தேவலை. உங்கள் கையால் செய்த ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்றால் மட்டும் போங்கள்.

## ஒரு பார்வையில்

| | காத்திருப்பு | கண்ணுக்குத் தெரியாத செலவு | சிந்தினால் | காலை மடக்க |
|---|---|---|---|---|
| கோரை ஏணி முதுகு | நீண்டது | திரும்பப் பின்னுதல் | கறை நிற்கும் | வேண்டாம் |
| கையால் செய்த வின்ட்ஸர் | நீண்டது | அநேகமாக இல்லை | துடைத்தால் போதும் | கைப்பிடி இல்லாததில் முடியும் |
| பழைய எர்கால் | ஆறும் சேரும்வரை | பழைய தப்பு ரிப்பேர் | துடைத்தால் போதும் | முடியும் |
| ஏல நாற்காலி | ஏலம் வரும்வரை | கூடத்தின் பங்கு, உளு | துடைத்தால் போதும் | நாற்காலியைப் பொறுத்தது |

## இனி மாமியார்

கோரை இருக்கையில் சம்மணம் ஏன் ஆகாது என்றால், உட்கார உட்கார நடு இறங்கும், சுற்றுச் சட்டம் மேடாக நிற்கும். கணுக்கால் எலும்பு சரியாக அந்த மேட்டில் போய் உட்காரும். அதோடு குதிகால் ஒரே இடத்தில் அழுத்தினால் கோரைக்கும் ஆயுள் குறையும். வின்ட்ஸரில் ஆழமாகக் குழித்த பலகையின் முன்பக்கம் நடுவில் ஒரு முகடு இருக்கும், தொடை இரண்டையும் பிரிப்பதற்கு. அதுவும் மடக்கிய காலுக்கு இடைஞ்சல்தான். மிதமான குழிவும் அகலமும் உள்ள, கைப்பிடி இல்லாத பலகை வேண்டும். பழைய எர்காலில் அது பெரும்பாலும் அமைகிறது.

ஆக அந்த வாசகிக்கு என் யோசனை: ஆறையும் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். பழைய எர்கால் நான்கைத் தேடிப் பிடியுங்கள், பிள்ளைகளும் மாமியாரும் அதில். கணவருக்கு ஆசையான கோரை நாற்காலி இரண்டுக்கு மட்டும் நாற்காலிக்காரரிடம் எழுதிக் கேட்டு வரிசையில் நில்லுங்கள். வந்ததும் மேசையின் ரேடியேட்டர் இல்லாத பக்கம் போடுங்கள். வின்ட்ஸர் ஆசைக்கு எர்காலே வின்ட்ஸரின் பேத்திதான், சமாதானமாகிக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள். இருக்கைக்கும் மேசையின் மேற்பரப்புக்கும் நடுவே 11, 12 அங்குலம் வேண்டும். காலை மடக்கினால் முழங்கால் இன்னும் மேலே வரும், மேசைக்கு அடியில் குறுக்குச் சட்டம் இருந்தால் இடிக்கும். கடைக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பத்து நிமிடம் உட்காரட்டும். கடைக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும்.